செக்குபந்தி

சத்துவாச்சாரியில் மூன்றாம் மாடி.
பால்கனியிலிருந்து பாலாறு தெரியும் என்று
சதுரடிக்கு நூற்றைம்பது கூடுதல் கேட்டார்கள்.
எட்டிப் பார்த்தேன்.
மணல், முள், ஒரு எருமை.
"போன மழைக்கு ஓடினது மேடம்" என்றார் ஏகாம்பரம்,
ஆற்றுக்கும் அவரே தரகர் போல.

தரையில் எங்களுடையது எவ்வளவு என்று எட்வின் கேட்டான்.
முந்நூற்றுத் தொண்ணூறு சதுரடி, பிரிபடாத பாகம்.
எந்த முந்நூற்றுத் தொண்ணூறு?
அது தெரியாது.
பார்க்கிங்கில் இருக்கலாம்,
லிப்ட் குழிக்கு அடியிலும் இருக்கலாம்.

பாகாயத்தில் இரட்டை வீடு.
நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் ஒரே குடும்பம்.
எனக்குப் பிடித்துவிட்டது.
பிறகு மொட்டைமாடிப் படியைப் பார்த்தோம்:
நடுவில் நீள வாக்கில் ஒரு பெயிண்ட் கோடு.
அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டியதாம்.
தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறவர்
தன் பாதியில் மட்டுமே கால் வைக்க வேண்டும்.
ஒருக்களித்து ஏறிப் பார்த்தான் எட்வின்.
சிரிப்பு வரவில்லை.

கடைசியில் விருதம்பட்டு.
எட்டு வீடு ஒரே வரிசையில்,
மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார்ந்த மாதிரி.
ஆறும் எட்டும் காலி.
எட்டு, ஓரத்து வீடு. கூடுதல் ஜன்னல், கூடுதல் நாலு லட்சம்.
எட்வினுக்கு அதுதான் வேண்டும்.
நான் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
மே மாதம், மாலை ஐந்தரை.
காய்ச்சல் நூற்றிரண்டு.
"ராத்திரி பதினொன்று வரை இறங்காது" என்றேன்.
நடு வீடென்றால் இரண்டு பக்கமும்
யாரோ நமக்காக வெயில் தாங்குவார்கள்.
இந்த ஊரில் அதற்கே தனி விலை போடலாம்.

ஆறாம் எண்ணில் சுவரைத் தட்டினேன்.
நெஞ்சு நோய் வார்டில் இருபத்தோரு வருடம்.
முதுகில் விரல் வைத்து டாக்டர்கள் தட்டும்போது
பக்கத்தில் நின்று கேட்ட காது.
காற்று இருந்தால் ஒரு சத்தம்,
நீர் கோத்திருந்தால் வேறு.
கிழக்குச் சுவர் ஒன்பது அங்குலம், கல் மாதிரி.
மேற்குச் சுவர் டொக்கென்றது. நாலரை.
ஐந்து வீடு முடித்ததும் சிமெண்ட் விலை ஏறியிருக்கும்.
நாலரை என்றால் அவர்கள் தாளிப்பு எனக்குத் தும்மல்.
நானோ இரவு வேலை முடித்து
பகலில் தூங்குகிறவள்.

அப்போதுதான் அந்தப் பக்கமிருந்து இருமல்.
ஏகாம்பரம் குரலை உயர்த்தி
போர்வெல் எத்தனை அடி என்று சொல்ல ஆரம்பித்தார்.
கையைக் காட்டி நிறுத்தினேன்.
பீடி இருமல் இல்லை.
ஜலதோஷமும் இல்லை.
மூன்று வாரமாவது இருக்கும்.
முடிவில் ஒரு சின்ன இழுப்பு;
அடுத்தவருக்குத் தொந்தரவு என்று
தலையணையில் வாயைப் புதைத்து இருமுகிற ஆள்.

"இது வேண்டாம் ஜெபசீலி" என்றான் எட்வின் வண்டியில்.
"வீட்டுக்கு வந்தாலும் உனக்கு வார்டுதான்."
சரிதான் என்றேன்.
காட்பாடி பாலத்தில் நெரிசல்,
முன்னால் ஒரு லாரி நகரவே இல்லை.
அந்த நேரத்தில்
இரண்டு தடவை மனத்துக்குள் அந்தச் சுவரைத் தட்டினேன்.
சுவரைக் காட்டி ஒரு லட்சம் குறைக்கச் சொல்லலாம்,
கட்டிலைக் கிழக்கே போட்டுக்கொள்ளலாம்
என்று நான் சொன்னபோது
அவன் ஹாரன் அடித்தான், பதிலுக்கு.

ஒன்றரை குறைந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஃபேன் ஓடவில்லை.
எழுத்தர் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்:
வடக்கே இருபதடிப் பாதை,
தெற்கே மழைநீர்க் கால்வாய்,
கிழக்கே ஐந்தாம் எண் வீடு,
மேற்கே ஏழாம் எண்,
திரு. அப்துல் வாஜித் அவர்களின் வீடும் பொதுச்சுவரும்,
இதன் மத்தியில்
என்று படித்து மூச்சு வாங்கினார்.

அதுவரை அந்த இருமலுக்குப் பெயரில்லை.

கையெழுத்துக்குப் பேனா தேடினேன்.
கைப்பையில் விரலுக்கு முதலில் பட்டது
சளிப் பரிசோதனை டப்பா,
காலையில் வார்டிலிருந்து எடுத்து வைத்தது,
நீல மூடி,
மேலே ஒட்டிய தாளில் இன்னும் எதுவும் எழுதாமல்.